கோடு வரை இரண்டரை அடி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் மெஷின் மிதிப்பதைக் குறைத்துக்கொள் என்று போன தடவையும் எழுதினேன். குறைத்திருக்க மாட்டாய். இதையெல்லாம் போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் "சாப்பிட்டியா" என்று ஆரம்பித்து அழுகையில் முடிக்கிறோம், நடுவில் ஒரு விஷயமும் பேசுவதில்லை. அதனால் கடிதம்.

வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று நகராட்சிகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் அலுவலகத்தின் வேலை என்று உனக்குத் தெரியும். எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் நுழையும், யார் வீட்டுக் கதவை யார் தட்டுவது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பது, அதன் சாவி யாரிடம் இருக்கும், இப்படி. இந்த வருடம் என் தலையில் பதினொரு ஊர். அதில் ஒன்று நம் ஊர்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் உங்கள் ஆற்றோரத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மற்ற நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் வெள்ளையடித்துவிட்டார்கள். கேட்டால் ஒருவர் முட்டி என்கிறார், இன்னொருவர் கழுத்து என்கிறார். நகராட்சியில் இருக்கும் ஒரே சர்வேயர் கால் முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். உன் கூடத்துச் சுவரில் மட்டும்தான் அந்த வெள்ளக் கோடு இன்னும் இருக்கிறது. உன் இஞ்ச் டேப்பை எடுத்து, தரையிலிருந்து கோடு வரை எவ்வளவு என்று அளந்து எழுது. உன் வீட்டுத் தரை தெருவைவிட ஓர் அடி உயரம் என்று நகராட்சியின் பழைய பதிவேட்டில் இருக்கிறது. அதை நான் கூட்டிக்கொள்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தெருவில் நான்கு அடிக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால், அந்தத் தெருவையே காலி செய்து மேட்டுக் குடியிருப்புக்கு மாற்றுவது என்று நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். குறைவாக இருந்தால் தெரு இருக்கும். எச்சரிக்கை ஏற்பாடு மட்டும் செய்வோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 19

என் அளவுகோலுக்கு,

முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டைக்கூட ஸ்கேல் வைத்து அளந்தவள் நீ. இன்று அதற்கே சம்பளம் வாங்குகிறாய். கொடுத்து வைத்தவள்.

அளந்தேன். இரண்டரை அடி. முப்பது அங்குலம், நூல் பிடித்தாற்போல். முப்பது வருடமாக ஊருக்கு அளவெடுக்கிறேன், ஒருத்தர் இடுப்பையும் நான் குறைத்துச் சொன்னதில்லை. கோபித்துக்கொண்டு வேறு தையற்காரியிடம் போனவர்களும் உண்டு.

அந்தக் கோட்டைப் போட்டது யார் தெரியுமா? நம் வாண்டுதான். தண்ணீர் வடிந்த அன்று, எட்டு வயது, ஆணியை எடுத்துக்கொண்டு போய்ச் சேற்றுக் கறை நின்ற இடத்தை அப்படியே கீறினான். "அம்மா, இனிமே தண்ணி வந்தா இந்தக் கோட்டுகிட்ட கேட்டுட்டுத்தான் மேல வரணும்" என்றான். அந்தச் சுவருக்கு மட்டும் நான் வெள்ளையடிக்க விடாதது அதனால்தான்.

அவன் போய் நான்கு வருடம் ஆகிறது. உன் அத்தான் நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்த அடுத்த மாதம். "இந்த ஈரச் சுவருதான் அப்பாவ கொன்னுது. வாம்மா, எங்கயாவது போயிடலாம்" என்றான். "பிடிக்கலைன்னா நீ போ" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. போயே விட்டான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். என்றைக்காவது கோபம் ஆறி வந்தால் அவனுக்குத் தெரிந்த வாசல் இது ஒன்றுதான். இதைப் பூட்டிவிட்டு நான் மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டால், தட்டுகிறவனுக்கு யார் கதவு திறப்பது?

உனக்கு அவனிடமிருந்து ஏதாவது சேதி உண்டா? இருந்தால் ஒரு வரி எழுது.

உன் அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. இரண்டரையும் ஒன்றும் மூன்றரை அடி. உங்கள் தெரு தப்பித்தது.

அந்த வெள்ளத்தின்போது பாலத்துத் தூணில் தண்ணீர் பதினாறு அடி ஏறியதாகப் பதிவு இருக்கிறது. அப்போது தெருவில் மூன்றரை அடி. அப்படியானால் தூணில் பன்னிரண்டரை வரும்போது தண்ணீர் உங்கள் தெருவில் கால் வைக்கும். ஆறு பெருகும்போது மணிக்கு அரை அடி ஏறுகிறது. ஆகவே தூணில் பதினோராவது அடியில் மஞ்சள் பூசச் சொல்லியிருக்கிறேன். மஞ்சளைத் தண்ணீர் தொட்டதும் தெரு கிளம்பவேண்டும். மூன்று மணி நேரம் கையில் இருக்கும்.

தெரு மாறத் தேவையில்லை என்று எழுதியது அலுவலகத்துக்காரி. தங்கையாகக் கேட்கிறேன், நீயாகவே அந்த வீட்டை விட்டு வந்துவிடேன். மேட்டுக் குடியிருப்பில் காலி வீடுகள் இருக்கின்றன. இல்லையென்றால் என்னோடு வந்து இரு. தயவுசெய்து யோசி.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 24

என் அளவுகோலுக்கு,

தைலம் வந்தது. வாசனை தெருமுனை வரை போகிறது, வலி மட்டும் போகவில்லை. நீ நலமா?

நீ கேட்டதற்கு நான் பதில் எழுதினேன். நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதிலையே காணோம். இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரியாது என்றால் தெரியாது என்று எழுதினால் என்ன, மை தீர்ந்துவிடுமா? அதை விட்டுவிட்டு வீட்டை விட்டு வா, வீட்டை விட்டு வா என்கிறாய். வாண்டு பேசின அதே பேச்சு.

இங்கே நகர்மன்றத் தலைவி கூட்டம் போட்டார். தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம், எல்லார் வீட்டுக்குள்ளும் போய்வருகிறவராக இருக்கவேண்டுமாம். நாற்பத்திரண்டு வீட்டு உடம்பும் என் நோட்டில் இருக்கிறது என்பதால் எல்லாரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். ஒரு விசில் கொடுத்திருக்கிறார்கள். ஊதிப் பார்த்தேன், பக்கத்து வீட்டு நாய் ஓடி வந்தது.

வாண்டுவுக்கு இந்த வருடச் சட்டையும் தைத்துவிட்டேன். மொத்தம் நான்கு ஆயிற்று. இருபத்திரண்டு வயதில் எடுத்த அளவில் வெட்டி, உள்ளே தையலுக்கு மட்டும் தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன். தோள் விரிந்திருக்கும் இல்லையா? எவ்வளவு என்றுதான் தெரியவில்லை.

உன் அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் நலம்தான். பதினொரு ஊருக்கும் மாறி மாறி ஓடுகிறேன். ஓர் ஊரில் வெள்ளத்துக்கு வாங்கிய படகை நகராட்சிக்காரர்கள் ஆற்றங்கரையிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் முதலில் போவது படகுதான் என்று சொன்னேன். தலையைச் சொறிந்தார்கள்.

ஜூன் முதல் வாரம் உங்கள் ஊரில் ஒத்திகை. சங்கு ஊதியதும் பட்டியலில் உள்ளபடி ஒவ்வொரு வீட்டையும் தட்டி, பள்ளிக்கூடம் வரை கூட்டிப்போகவேண்டும். யாருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்து அனுப்பு. நடக்க முடியாதவர்களுக்கு ஆகும் நேரம் ரொம்ப முக்கியம்.

வாண்டைப் பற்றி எனக்கு என்ன தெரியப்போகிறது, அக்கா? எங்கே இருந்தாலும் நன்றாக இருப்பான். நீ வருத்தப்படாதே.

உன் தங்கை


ஜூன் 14

என் அளவுகோலுக்கு,

சுகம். உன் கடைசி வரிகளைப் படித்தேன். "என்ன தெரியப்போகிறது" என்பது பதிலா கேள்வியா என்று எனக்கு விளங்கவில்லை. போகட்டும்.

ஒத்திகை நடந்தது. சங்கு ஊதியதும் பாதித் தெரு எங்கே ஓடியது தெரியுமா? ஆற்றுக்கு, தண்ணீர் பார்க்க! ஆறோ மணல் தெரியக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துச் சாவி வாட்ச்மேன் சட்டைப் பையில். சட்டை சலவைக்குப் போயிருந்தது. சலவைக் கடைக்கு ஆள் அனுப்பி வாங்கி வந்தோம்.

சிரித்து முடித்துவிட்டு அடுத்ததைப் படி. கடைசி வீட்டுத் தபால்காரரை உனக்கு நினைவிருக்கும். போன வருடம் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்தும் அவரைக் கட்டிலோடு வாசல் வழியாக எடுக்க முடியவில்லை. கதவைக் கழற்றி, அதன் மேல் படுக்கவைத்து, பள்ளிக்கூடம் போய்ச் சேர ஒரு மணி நாற்பது நிமிடம். வழியெல்லாம், "என்ன விட்டுட்டு நீங்க போங்கம்மா, நான் என்ன அவசரத் தந்தியா" என்று கேலி வேறு.

வாண்டு போன முதல் மூன்று வருடமும் என் வாசலில் தினம் சைக்கிளை நிறுத்தியவர் அவர் ஒருவர்தான். இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "இன்னிக்கு இல்லம்மா, நாளைக்கு வரும்" என்பார். இப்போது வருகிற ஆள் என் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

மஞ்சளைத் தொட்ட பிறகு மூன்று மணி நேரம் என்று எழுதினாயே, அது உறுதிதானா?

உன் அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ரயிலில் உட்கார்ந்து அவசரமாக எழுதுகிறேன். மூன்று மணி நேரம் உறுதி. நீ கொடுத்த அளவில் போட்ட கணக்கு, தப்பாகுமா? தபால்காரரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு நீ திரும்பிக்கூட வரலாம். நிம்மதியாக இரு.

உன் தங்கை


ஜூலை 2

என் தங்கைக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அது வெள்ளத்தில் நிற்காதவர்கள் சொல்வது. சாண் வேறு, முழம் வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே உன்னை ஏமாற்றினேன்.

அந்த வெள்ளம் வடிந்து ஆறு மாதம் கழித்து, உன் அத்தான் கல்லும் ஜல்லியும் கொட்டி வீட்டுத் தரையை ஒன்றரை அடி உயர்த்தினார். நீ அப்போது வெளியூரில் இருந்தாய். உன் பதிவேடு அதற்கு முன்னால் எழுதியது. பழைய தரையிலிருந்து அளந்தால் கோடு நான்கு அடி. தெருவிலிருந்து ஐந்து. நீ தரையிலிருந்து கேட்டாய், நான் தரையிலிருந்து சொன்னேன். அளவு பொய்யில்லை, தரைதான் பொய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான்கு மாதம் தூங்கினேன்.

நான்கு அடிக்கு மேல் என்றால் தெரு போய்விடும் என்று நீயே எழுதியிருந்தாய். வீடு போனால் அவன் வரும் வழி போய்விடும் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. தெருவில் மற்ற நாற்பத்தொரு வீட்டையும் நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

ஒத்திகை முடிந்து வந்து உன் பழைய கடிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் மக்குதான், ஆனாலும் இது எனக்கு வந்தது. ஒன்றரை அடி. மணிக்கு அரை அடி. மூன்று மணி நேரம். நீ தெருவுக்குக் கொடுத்த நேரம் முழுவதையும் நான் ஒருத்தி விழுங்கியிருக்கிறேன். மஞ்சளைத் தொடும்போதே தண்ணீர் தெருவில் இருக்கும். தபால்காரர் கட்டிலில் கிடப்பார்.

மஞ்சளை மாற்று. தெருவைப் பட்டியலில் சேர். என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன் அக்கா


ஜூலை 9

என் அக்காவுக்கு,

முதலில் வேலை. உன் கடிதம் வந்த அன்றே நகராட்சிக்குப் பேசிவிட்டேன். மஞ்சள் இப்போது ஒன்பதரை அடியில் இருக்கிறது. தெருவும் பட்டியலில் சேர்ந்தாயிற்று. மேட்டில் நாற்பத்திரண்டு வீடும் தயாராக இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை விசிலைக் கழுத்திலேயே போட்டுக்கொள்.

தப்பு உன்னுடையது மட்டும் இல்லை. உன் வாசல் நிலையில் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளத்துக்கு முன்னால் நிமிர்ந்து நுழைந்த வாசலில் இப்போது ஏன் எல்லோரும் குனிகிறோம் என்று, ஊர் ஊராக அளக்கிற நான் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. வேறு யார் வீடாக இருந்தாலும் "தரை எப்ப போட்டீங்க" என்று கேட்டிருப்பேன். அக்கா வீட்டில் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது நான் மறைத்தது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அப்படியே எழுதிவிடுகிறேன். வாண்டு இந்த ஊரில்தான் இருக்கிறான். பஸ் டெப்போவில் மெக்கானிக். மூன்று வருடமாக, ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில்தான் சாப்பிடுகிறான்.

"அம்மா அந்த வீட்ட விட்டு வெளிய வந்ததும் சொல்லுங்க சித்தி, அன்னிக்கே போறேன். அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொன்னீங்கன்னா, இங்கயும் வரமாட்டேன்" என்றான். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன வீட்டிலிருந்து உன்னையும் ஒருநாள் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க அவனால் முடியாதாம். சொன்னால் நானும் அவனை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். அதனால்தான் வீட்டை விட்டு வா என்று உன்னைப் பிடுங்கினேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

வரும்போதெல்லாம் உன் கடிதங்களை வாங்கிப் படிப்பான். அந்த ஆணிக் கோட்டைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தத் தாளை மட்டும் என்னிடம் திருப்பித் தரவில்லை. இந்தக் கடிதம் எழுதுவது அவனுக்குத் தெரியாது.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். பதில் மட்டும் எழுது.

உன் தங்கை


செப்டம்பர் 30

தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறோம். நாற்பத்திரண்டு வீடும்.

பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் மஞ்சளைத் தொட்டது. பன்னிரண்டு மணிக்குத் தெருவில் கால் வைத்தது. நீ சொன்னபடியே. தபால்காரர் வீட்டுக் கதவை நாங்கள் முன்பே கழற்றி வைத்திருந்தோம். பத்து மணிக்கெல்லாம் அவர் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு அறையில். யாரும் ஆற்றைப் பார்க்க ஓடவில்லை. பழைய மஞ்சள் இருந்த இடத்தைத் தண்ணீர் தாண்டிய நேரத்தில் நான் கடைசி வீட்டின் வாசலில் நின்று பார்த்தேன். பாதம் நனைந்தது. என் பொய் நின்றிருந்தால் அப்போதுதான் விசில் ஊதியிருப்பேன்.

இரண்டரை மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. எழுதிக் கிழித்தவை ஆறு. ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் அவன் சாப்பிட்டிருக்கிறான். இங்கே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நான் உள்ளே உட்கார்ந்து அவன் வருவான் என்று காத்திருந்தேன். அவன் வெளியே நின்று நான் வருவேன் என்று காத்திருந்தான். நடுவில் நீ, பூட்டின தபால்பெட்டி மாதிரி. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அவனுக்கு மூன்று வருடம் சோறு போட்டவள் நீ. அதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குப் போனேன். பின்சுவர் விழுந்துவிட்டது. கூடத்துச் சுவர் நிற்கிறது. வாண்டு போட்ட கோட்டைக் கேட்காமலே தண்ணீர் அதற்கு மேல் நான்கு விரற்கடை ஏறியிருக்கிறது. நானே ஓர் ஆணியைத் தேடி எடுத்து அங்கே ஒரு கோடு கீறினேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். பூட்டவில்லை.

மேட்டில் இரண்டாவது மாடி. படியேறி இடப்பக்கம் மூன்றாவது கதவு. சுவரெல்லாம் காய்ந்து கிடக்கிறது, தைத்துக்கொண்டே இருக்கும்போது கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். மெஷினைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி வந்து தந்தார்கள். சட்டைகள் நான்கையும் நான் கையிலேயே கொண்டு வந்தேன்.

போ என்று சொன்ன வாய்தான் இப்போது வா என்று சொல்கிறது என்று அவனிடம் சொல். நான் வெளியே வந்துவிட்டேன் என்று சொல். அவனுக்கு உடனே வர மனம் இல்லையென்றால் வற்புறுத்தாதே. தோள் அளவை மட்டும் எடுத்து அனுப்பு. நேராக நிற்கவைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. உள்ளே விட்ட துணியைப் பிரித்துச் சட்டையைச் சரிசெய்து வைக்கிறேன். குறைக்காமல், கூட்டாமல் அனுப்பு.

உன் அக்கா


அக்டோபர் 8

அம்மா,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இரண்டாவது மாடி ஏறுவது கஷ்டமாக இருக்குமே.

சித்தி ஞாயிற்றுக்கிழமை இஞ்ச் டேப்போடு வந்து நிற்கச் சொன்னார். நான் நிற்கவில்லை. சித்தி போட்ட அளவு எப்படி இருக்கும் என்று ஒரு தெருவே பார்த்துவிட்டது.

நீ போ என்று சொன்னதால் நான் போகவில்லை, அம்மா. எனக்கு வீடுதான் பிடிக்காமல் போனது. உன்னை இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல் நான்கு வருடம் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். மதியத்துக்குள் வந்துவிடுவேன். சட்டையைப் பிரிக்காதே. டேப்பை எடுத்து வை, நான் வந்து நிற்கிறேன்.

வாண்டு